கழிவுச் சாம்பலும் சுண்ணாம்பும்: கடைவீதிச் சாலைக்கு உறுதி தரும் சரக்குகள்



சாலை போடுவது ஒப்பந்தக்காரர் வேலையாயிற்றே, மளிகைக்காரருக்கும் மண்டிக்காரருக்கும் அதில் என்ன என்று சிலர் கேட்கலாம். மூட்டை ஏற்றிய லாரி நம் வாசல் வரை வந்தாக வேண்டும். வாடிக்கையாளர் சேற்றில் கால் வைக்காமல் படியேற வேண்டும். மழைத் தண்ணீர் கடைக்குள் புகாமல் தெருவோடு ஓடிவிட வேண்டும். இந்த மூன்றுமே சாலையைப் பொறுத்தவை. சாலை கெட்டால் முதலில் அடிபடுவது நம் வியாபாரம்தான். ஆகவே அந்தச் சாலைக்குள் என்ன சரக்கு போகிறது என்பதை அறிந்துகொள்வது நமக்கு அவசியமாகிறது.

தொழிற்சாலைக் கழிவுகளைச் சுண்ணாம்பு, சிமெண்ட் போன்ற பிணைப்புப் பொருள்களோடு சேர்த்துச் சாலையின் அடித்தளம் அமைக்கும் முறையைப் பற்றி இக்கட்டுரையில் பார்ப்போம். நாம் பொறியாளர் அல்ல. சரக்கைப் பார்த்து, தரம் பார்த்து, வாடகை கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்க்கிறோம்.

சாலை என்பது மேலே தெரியும் தார் மட்டும் அல்ல

தார்ப்பரப்பு என்பது சாலையின் மேல்தோல். அதன் கீழே ஜல்லி அடுக்கு, அதற்கும் கீழே கிராவல் அல்லது சரளை அடுக்கு, எல்லாவற்றுக்கும் கீழே இயற்கை மண். லாரியின் பாரத்தைத் தாங்குவது இந்தக் கீழடுக்குகள்தான். இவை தளர்ந்துவிட்டால் மேலே எத்தனை முறை தார் ஊற்றினாலும் ஒரே மழைக்காலத்தில் பள்ளம் விழும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் அவர்கள் கண்ட பிளாஸ்டிக் சாலை முறையை நம்மில் பலர் அறிவோம். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்த முறையில் சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துகள் உருகிப் படிகிறது. பிறகு தார் கலக்கப்படுகிறது. அது மேல்தோலுக்கான முறை. நாம் இங்கே பேசுவது கீழே பாரம் தாங்கும் அடுக்குகளைப் பற்றி.

பிணைக்கும் பொருள்: நம் முன்னோர் அறிந்ததே

தளர்ந்த மண்ணையும் துகளையும் ஒன்றாகக் கட்டிப் பிடிப்பதுதான் பிணைப்புப் பொருளின் வேலை. சுண்ணாம்பும் சிமெண்டும் இவ்வகையில் முதன்மையானவை.

சுண்ணாம்பு நமக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் வீடு கட்டுவோர் சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காயும் வெல்லமும் வாங்கியது நம் மளிகைக் கடைகளில்தான். சுண்ணாம்போடு சேர்த்து அரைக்கும் செங்கல் பொடிக்குச் சுர்க்கி என்று பெயர். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை இந்தச் சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவையால் கட்டப்பட்டதே. சுட்ட களிமண் பொடிக்குத் தானாகப் பிடிக்கும் சக்தி கிடையாது. ஆனால் சுண்ணாம்பும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். இத்தாலியில் ரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கட்டியதும் இதே தத்துவத்தில்தான்.

இந்த இரண்டுக்கும் உறவான ஒரு சரக்கு இன்று மலைபோல் கிடைக்கிறது. அதுதான் அனல் மின்நிலையச் சாம்பல்.

சாம்பலின் தன்மை

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 டன் கரி எரித்தால் 30 முதல் 45 டன் வரை சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி புகையோடு பறக்கும் மிக நுண்ணிய தூள். அதைப் புகைபோக்கிக்குப் போகும் முன்பே மின்விசையால் பிடித்துச் சேர்க்கிறார்கள். இதையே உலர் சாம்பல் என்றும் ஃப்ளை ஆஷ் என்றும் சொல்கிறோம். மீதி கொதிகலனின் அடியில் கனத்த துகளாக விழுகிறது. தண்ணீரில் கரைத்துக் குட்டைக்கு அனுப்பப்படும் சாம்பல் குட்டைச் சாம்பல்.

அரிசியில் ரகம் இருப்பதைப்போல் சாம்பலிலும் ரகம் உண்டு. சாதாரண நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அது தானாக இறுகாது. சுண்ணாம்போ சிமெண்டோ சேர்த்தாக வேண்டும். நெய்வேலியில் எரிக்கப்படும் பழுப்பு நிலக்கரி வகையின் சாம்பலில் பொதுவாகச் சுண்ணாம்புச் சத்து கூடுதல். எனவே தண்ணீர் பட்டால் ஓரளவு தானாகவே பிடிக்கும். இரண்டையும் ஒரே சரக்கு என்று நினைத்து ஒரே அளவில் கலந்தால் கணக்குத் தப்பும்.

நம்மில் சிமெண்ட் விற்கும் நண்பர்கள் சாம்பலை ஏற்கெனவே விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பி.பி.சி. என்று மூட்டையில் அச்சிட்ட சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தர நிர்ணயம் இடமளிக்கிறது. வாடிக்கையாளர் "சாம்பல் கலந்த சிமெண்டா?" என்று தயங்கினால், அது கலப்படம் அல்ல, தர நிர்ணயத்துக்கு உட்பட்ட கலவை என்று தெளிவாக எடுத்துச் சொல்லலாம். அது சற்று மெதுவாக இறுகும். ஆகவே தண்ணீர் ஊற்றி ஆற்றுவதில் குறை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கரிசல் சீமைக்கு ஏற்ற வைத்தியம்

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்து வணிகர்களுக்குக் கரிசல் மண்ணின் குணம் நன்றாகத் தெரியும். மழையில் உப்பும், செருப்போடு அப்பிக்கொண்டு வரும். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இப்படி வருடா வருடம் உப்பிச் சுருங்கும் மண்மேல் போட்ட சாலை எப்படி நிலைக்கும்?

கரிசல் மண்ணோடு சுண்ணாம்புத் தூளை நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு வரை கலந்து, ஈரப்படுத்தி, உருளையால் அழுத்தினால் மண்ணின் குணமே மாறுகிறது. களிமண்ணின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, பிசுபிசுப்பு நீங்கி, புட்டு மாவைப்போல் உதிரியாகிறது. தண்ணீரை இழுத்து உப்பும் தன்மை வெகுவாகக் குறைகிறது. இது முதல் மாற்றம். சில மணி நேரத்திலேயே தெரியும். இரண்டாவது மாற்றம் இறுகுவது. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். சாம்பலையும் சேர்த்தால் சுண்ணாம்போடு கூடி இந்த இறுக்கத்துக்கு வலுவூட்டுகிறது. வெப்பம் இதை விரைவுபடுத்தும் என்பதால் நம் ஊர் வெயில் இவ்வேலைக்கு அனுகூலமே.

இது சோதனைச்சாலையோடு நின்ற செய்தி அல்ல. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்னும் அமைப்பு 1984-லேயே சுண்ணாம்பு–சாம்பல் சேர்த்த மண் அடித்தளத்துக்கு நடைமுறைக் குறிப்புகளை வெளியிட்டிருக்கிறது. 2001-இல் சாலைக் கரைகளுக்குச் சாம்பலைப் பயன்படுத்தும் வழிகாட்டியும் வந்தது.

நம் வட்டாரத்தை நோக்கினால், தூத்துக்குடியில் அனல் மின்நிலையச் சாம்பல் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கரிசல் பூமி கிடக்கிறது. நோயும் மருந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இதுவே.

ஒரு தெருவுக்குக் கணக்கு

நமக்குக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள ஒரு கடைத்தெருவை எடுத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் கனத்தில் அடித்தளம் என்றால் 60 கன மீட்டர். நன்றாக அழுத்திய பிறகு கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்தால் மொத்தம் 108 டன் சரக்கு.

இதில் சுண்ணாம்பு 4 சதவீதம் என்றால் சுமார் 4.3 டன். சாம்பல் 12 சதவீதம் என்றால் சுமார் 13 டன். மீதி ஏறக்குறைய 91 டன், அந்தத் தெருவிலேயே கிடக்கும் மண்ணும் பழைய கிராவலும். வெளியிலிருந்து வர வேண்டியது 17 டன் சில்லறை மட்டுமே. லாரிக்குப் பத்து டன் என்றால் இரண்டு லாரி. முழுவதும் புதிய ஜல்லியும் கிராவலும் கொண்டுவருவதென்றால் பதினோரு லாரி வேண்டும். (இது விளக்கத்துக்கான கணக்கு. உண்மையான விகிதத்தை அந்தந்த மண்ணைச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.)

சாம்பலின் விலையைவிட அதன் வாடகைதான் பெரிது என்பது இதிலிருந்து புலப்படும். உப்பு வியாபாரம் செய்தவர்களுக்கு இது கைவந்த பாடம். சரக்கு மலிவாக மலிவாக, தூரம்தான் விலையை நிர்ணயிக்கும். இதை உணர்ந்தே மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-இல் முதல் அறிவிக்கை வெளியிட்டுப் பிறகு பலமுறை திருத்தியது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கைப்படி, அனல் மின்நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் சாலைப் பணி செய்வோர் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் மின்நிலையம் அதை இலவசமாகவும் தன் செலவிலும் பணியிடத்துக்குக் கொண்டுவந்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. சாம்பலுக்கு வேறு கிராக்கி இருந்தால் இரு தரப்பும் பேசி விலையும் வாடகையும் முடிவு செய்துகொள்ளலாம்.

பலன் கண்கூடு. 1996–97-இல் நாட்டின் சாம்பலில் பத்து சதவீதம்கூடப் பயன்படவில்லை. 2021–22-இல் 27 கோடி டன் அளவுக்குச் சாம்பல் உண்டாகி, அதில் 95 சதவீதத்துக்குமேல் சிமெண்ட், செங்கல், சாலை, பள்ளம் நிரப்புதல் எனப் பல வழிகளில் செலவாகியது. ஒரு காலத்தில் எடுத்துப் போக ஆளில்லாத சரக்குக்கு இன்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

மற்ற இடங்களில் நடந்தவை

டெல்லியில் யமுனை நதியின் வெள்ளப் பகுதியில் இரண்டாவது நிஜாமுதீன் பாலத்துக்கு அணுகுசாலை அமைத்தபோது, 6 முதல் 9 மீட்டர் உயரமுள்ள 1.8 கிலோமீட்டர் நீளக் கரையைச் சாம்பலால் நிரப்பினார்கள். சுமார் ஒன்றரை லட்சம் கன மீட்டர் சாம்பல் அதற்குச் செலவாகி, 1998-இல் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. சாம்பல் மண்ணைவிட எடை குறைந்தது. ஆகவே இளகிய ஆற்றுப் படுகையின்மேல் பாரமும் குறைகிறது.

இரும்பு உருக்காலையின் உலைக்கசடும் இவ்வாறே பயன்படுகிறது. ஒரு டன் இரும்பு எடுக்கும்போது ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ கசடு மிஞ்சும். உருகிய கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிர வைத்தால் மணல்போல் ஆகும். அதை அரைத்துச் சிமெண்டில் சேர்க்கிறார்கள். மெல்ல ஆறவிட்டால் பாறையாக இறுகும், உடைத்து ஜல்லியாக்கலாம். குஜராத் மாநிலம் சூரத் அருகே ஹசீராவில், ஜல்லிக்குப் பதில் பதப்படுத்திய எஃகுக் கசடைக் கொண்டே சுமார் ஒரு கிலோமீட்டர் ஆறுவழிச் சாலை அமைத்தார்கள். மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையோடு போடப்பட்ட அச்சாலை 2022-இல் திறக்கப்பட்டது.

உத்தரப் பிரதேசத்தில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், பழைய சாலையை அடிவரை கிளறிப் பொடித்து, அதே சரக்கில் சிமெண்டைக் கலந்து, அங்கேயே மீண்டும் அழுத்தும் முறையைப் பெரிய அளவில் கையாண்டிருக்கிறார்கள். பழைய ஜல்லி வீணாவதில்லை. புது ஜல்லிக்காக மலையை உடைக்கும் தேவையும் குறைகிறது.

தெரு உயரும் தொல்லை

இந்த இடத்தில்தான் நம் கடைகளின் நலன் நேரடியாக வருகிறது. பழைய சாலையின்மேல் புதிய அடுக்கு, அதன்மேல் இன்னொரு அடுக்கு என்று போட்டுக்கொண்டே போனால் தெரு உயர்ந்து கடை பள்ளமாகிறது. ஒருகாலத்தில் மூன்று படி ஏறிப் போன கடைகள் பலவற்றுள் இன்று இறங்கிப் போகிறோம். ஒரு இரவு மழையில் கிட்டங்கியின் அடிவரிசைப் பருப்பு மூட்டையும் சர்க்கரை மூட்டையும் நனைந்தால் அந்த நட்டத்தை யாரிடம் கேட்பது?

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பழைய மட்டத்திலேயே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். கிளறிப் பிணைக்கும் முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். இருக்கும் சரக்கையே உறுதிப்படுத்துவதால் மட்டத்தை உயர்த்த வேண்டிய கட்டாயம் இல்லை.

எச்சரிக்கைகள்

எந்தச் சரக்குக்கும் குறை உண்டு. அதையும் சொல்லிவிடுவது வணிக தர்மம்.

முதலாவது, சாம்பல் நுண்ணிய தூள். திறந்த லாரியில் வந்தால் வழியெல்லாம் பறக்கும். மூச்சுக்கும் கெடுதல், கடையில் விரித்து வைத்த பண்டத்துக்கும் கெடுதல். மூடிய டேங்கர் லாரியில் வர வேண்டும். அல்லது ஈரப்படுத்தித் தார்ப்பாய் மூடி வர வேண்டும்.

இரண்டாவது, சாம்பலில் சிறிய அளவில் கன உலோகங்கள் உண்டு. கட்டில்லாமல் நீர்நிலையில் விட்டால் கேடு விளையும். எண்ணூர்ப் பகுதியில் சாம்பல் குழம்பு கசிந்து கொசஸ்தலையாற்றில் படிந்து, மீனவர்களும் ஊராரும் துன்பப்பட்டது நாடறிந்த செய்தி. சுண்ணாம்போடு இறுக்கிக் கட்டி, பக்கவாட்டில் மண் மூடி, மேலே தார் போட்ட சாம்பலில் தண்ணீர் ஊடுருவுவது குறைவு. வெறும் சாம்பலைக் குளக்கரையிலும் கிணற்றருகிலும் கொட்டுவது சாலைப் பணி ஆகாது.

மூன்றாவது, எஃகுக் கசடில் சேராத சுண்ணாம்பு மிஞ்சியிருக்கும். ஈரம் பட்டால் அது உப்பிச் சாலையைத் தூக்கிவிடும். தண்ணீரோ நீராவியோ விட்டுப் பழக வைத்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.

நான்காவது, மண்ணில் சல்பேட் உப்பு அதிகமாக இருந்தால் சுண்ணாம்பு சேர்த்த பிறகும் உப்பல் வரும். ஆகவே மண் சோதனை இல்லாமல் கலவை இல்லை.

ஐந்தாவது, சுண்ணாம்பின் வீரியம். காற்றுப்பட்ட சுண்ணாம்பு செத்த சுண்ணாம்பு என்பது வெற்றிலைக்கு விற்பவருக்குக்கூடத் தெரியும். திறந்த வெளியில் நாள்கணக்கில் குவித்து வைத்த சுண்ணாம்பைக் கலந்தால் எடை இருக்கும், பலன் இராது.

ஏழு நாள் பொறுமை

இந்த முறையில் மிக முக்கியமானது ஆற விடுவது. சிமெண்ட் கலந்தால் தண்ணீர் சேர்த்த இரண்டு மணி நேரத்துக்குள் உருளை ஓட்டி முடிக்க வேண்டும். பிறகு ஏழு நாளாவது ஈரம் காயாமல் காத்து, பாரவண்டி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பும் சாம்பலும் அதற்குப் பின்னும் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும்.

கடைவீதியில் இந்த ஏழு நாள் கிடைப்பதுதான் அரிது. மூன்றாம் நாளே "சரக்கு வந்து நிற்கிறது, வழி விடுங்கள்" என்று லாரி உள்ளே வரும். இறுகாத அடித்தளத்தில் ஒருமுறை சக்கரம் புதைந்தால் உள்ளே விரிசல் விழும். மேலே போடும் தார் அதை மறைக்குமே தவிர ஆற்றாது. பிறகு ஒப்பந்தக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏழு நாள் தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றி இறக்கும் கூலி, வருடா வருடம் பள்ளத்தில் அச்சு முறியும் செலவைவிடக் குறைவுதான்.

நாம் செய்ய வேண்டியவை

1. நம் வீதியில் சாலைப் பணி வருகிறது என்று தெரிந்தவுடன், தனித்தனியாகப் போகாமல் சங்கத்தின் பெயரால் நகராட்சி அல்லது பேரூராட்சிப் பொறியாளரைச் சந்திக்க வேண்டும்.

2. மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். மண் சோதனை செய்யப்பட்டதா? அடித்தளத்தில் என்ன சரக்கு, எந்த விகிதத்தில் சேர்கிறது? முடிந்த பிறகு தெருவின் மட்டம் இப்போதைய மட்டத்துக்கு மேல் போகுமா?

3. குடிநீர்க் குழாய், சாக்கடை, கேபிள் வேலைகளைச் சாலைக்கு முன்பே முடிக்கக் கோர வேண்டும். பிணைத்து இறுகிய அடித்தளத்தை வெட்டினால் ஒட்டுப் போட்ட இடம் பழையபடி ஆகாது.

4. தீபாவளி, பொங்கல் வியாபாரத்தை ஒட்டி வேலை வைக்காமல், மழைக்கும் முந்திய மந்தமான மாதத்தில் தேதி குறிக்கச் சொல்ல வேண்டும். அப்படிக் குறித்தால் ஏழு நாள் அடைப்புக்கு நாமும் மனமுவந்து ஒத்துழைக்கலாம்.

5. அந்த ஏழு நாளும் லாரிகளை வீதியின் முனையிலேயே நிறுத்திச் சரக்கு இறக்க, லாரி செட்டுகளோடு சங்கம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

சாம்பல், கசடு என்று ஒதுக்கிய பொருள் தரம் பிரித்து, அளவு பார்த்து, உரிய துணைச் சரக்கோடு சேர்த்தால் பாரம் தாங்கும் சாலையாகிறது. தரம், அளவு, காலம் ஆகிய மூன்றையும் பார்ப்பது நமக்கு அன்றாடத் தொழில். நம் வாசலில் போடும் சாலையிலும் இம்மூன்றையும் நாமே நின்று கேட்டுப் பெறுவோமாக. இந்தப் பருவத்தில் எந்தெந்த வீதிகளில் சாலைப் பணி வர இருக்கிறது என்பதை அந்தந்த வீதி உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் சங்கச் செயலாளரிடம் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.